பச்சை வரும் வரை

காதக்கா வருகிறாள் என்றால் பிரசவ வார்டில் செருப்புச் சத்தம்கூட அடங்கிவிடும். பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பது அவள் வேலை. அதனால் அந்தப் பட்டம். நர்சுகள் வைத்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள், அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

வார்டின் கடைசியில், துணி அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் லிஃப்ட், இன்னொரு பக்கம் தண்ணீர் மோட்டார். காதைச் சோதிக்க இதைவிட மோசமான இடத்தைக் கண்டுபிடிக்கவே தனியாக ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள் என்று அவள் சொல்வாள். மோட்டார் ஓயும் நேரம் பார்த்து, பால் குடித்துவிட்டு அசந்து தூங்கும் குழந்தையாகப் பார்த்து வேலையை முடிப்பாள். விரல் நுனி அளவு ரப்பர் முனையைக் காதுக்குள் பொருத்தினால் கருவி மெல்லிய ஒலியை உள்ளே அனுப்பும். காது நன்றாக இருந்தால் அது ஒரு சின்ன எதிரொலியைத் திருப்பி அனுப்பும். வந்தால் பச்சை விளக்கு, வராவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் விஷயம்.

சிவப்பு வந்தவுடனே பயந்துவிட வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் காதில் பிசுபிசுப்பு இருக்கும், தண்ணீர் தேங்கியிருக்கும். அதனால் இன்னொரு தடவை பார்க்கலாம். அதற்கு மேல் கூடாது. இரண்டு தடவையும் சிவப்பு என்றால் காது டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். இந்த விஷயத்தில் அவள் ராட்சசி. அவள் இல்லாத நாட்களில் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி சிஸ்டர் ஒருமுறை ஒரு தாயின் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, மேலும் மேலும் அழுத்திப் பார்த்தாள். அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"தாயம் விழுற வரைக்கும் உருட்டிக்கிட்டே இருக்க இது என்ன விளையாட்டா? விடாம கேட்டுக்கிட்டே இருந்தா மெஷின் ஒரு தடவை பொய் சொல்லத்தான் செய்யும். அந்தப் பொய்யைக் கையில குடுத்து அனுப்பிட்டா அந்தக் குழந்தை மறுபடி எப்ப வரும்? இன்னும் பேசலையேன்னு மூணு வயசுல வரும். ஆறு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு ஆக வேண்டியதைச் செஞ்சாதான் பேச்சு ஒழுங்கா வரும்னு உனக்குத் தெரியாதா?"

கண்ணாடி சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தால் அப்படித்தான் செய்வாள்.

அப்படிப்பட்ட காதக்காவின் தம்பிக்குக் குழந்தை பிறந்தது.

தம்பி பேருந்து ஓட்டுநர். வாய் ஓயாதவன். வண்டி ஓட்டும்போது மட்டும்தான் அவன் வாய்க்கு ஓய்வு என்று வீட்டில் சொல்வார்கள். அவன் வண்டியில் ஏறியவர்கள் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவன் மனைவி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்பவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். முகம் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குரலில் விழுந்துவிட்டவன் தம்பி. அதைக் கேட்பதற்காகவே வண்டியை முன்கூட்டியே கொண்டுவந்து நிலையத்தில் நிறுத்திவிடுவான். மேலதிகாரிகள் அவனை நேரம் தவறாத ஓட்டுநர் என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை தங்கவில்லை. உண்டாவதும் கலைவதுமாக இருந்ததில் அந்த வீடு சிரிப்பை மறந்துவிட்டது. தம்பிகூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டான். அக்காவுக்கு அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் குழந்தை தங்கி, அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே பிறந்தது.

மறுநாள் காலை, தாய் தூங்கிக்கொண்டிருந்தபோது, அத்தை மருமகளைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்கு வந்தாள். தம்பி கதவுக்கு வெளியே நின்றான். அவனுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது.

"அக்கா, பாத்து மார்க் போடு. சொந்தக்காரின்னு அள்ளிப் போட்டுடாதே" என்றான். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பது கேட்டது.

வலது காதில் சிவப்பு வந்தது. இடது காதிலும் சிவப்பு வந்தது.

அவள் பதறவில்லை. ரப்பர் முனையை மாற்றினாள். குழந்தையைத் தோளில் போட்டுச் சற்று நேரம் தட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி படுக்கவைத்துப் பார்த்தாள். இரண்டு காதிலும் திரும்பவும் சிவப்பு.

அப்போதே எழுந்து கதவைத் திறந்து தம்பியிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொன்னவள்தான். எந்தக் குரலில் சொல்ல வேண்டும், சொல்லும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. ஆனால் வெளியே தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தாள். அந்தச் சிரிப்பைத் தன் வாயாலேயே நிறுத்த வேண்டியிருந்தது. இன்னும் ஒரு தடவை என்று தன்னிடம் சொல்லிக்கொண்டாள்.

அதன்பிறகு எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. எண்ணினால் நிறுத்த வேண்டிவரும். தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. மற்ற நாளாக இருந்தால் கருவியைக் கீழே வைத்துவிட்டு மோட்டார்க்காரனைத் திட்டியிருப்பாள். அன்று நிறுத்தவில்லை. சுவர் அதிர அதிர அழுத்திக்கொண்டே இருந்தாள். வலது காதுக்கு ஒரு பச்சை வந்தது. இடது காதுக்கும் ஒன்று வரும்வரை விடவில்லை. அதற்குள் குழந்தை பசித்து வீறிட ஆரம்பித்துவிட்டது.

கதவைத் திறந்தாள்.

"என்னக்கா, பாஸா?"

"பாஸ்."

"ரெண்டு காதுமா?"

"ரெண்டும்தான். போய் உன் பொண்டாட்டிகிட்ட குடு. பசிக்குது இவளுக்கு."

அவன் போனை எடுத்து ஊரெல்லாம் சொன்னான். எங்கக்காவே பாத்துட்டா, எங்கக்கா பாத்தா மேல பேச்சே இல்லை என்று வராந்தாவில் அவன் சொல்லிக்கொண்டு போவது அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நாள் கழித்து யாருக்கும் தெரியாமல் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், காதில் தண்ணீராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் சாதாரணமாகப் பொய் சொல்கிறவள் அல்ல. அதனால்தானோ என்னவோ, சொன்ன ஒன்றைக் கட்டிக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாரம் தவறாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. தம்பி அதன் தலைமாட்டில் கைதட்டுவான், குழந்தை பேசாமல் கூரையைப் பார்க்கும். உடனே அவன் எழுந்துபோய்க் கதவைப் படாரென்று சாத்துவான், குழந்தை தூக்கிவாரிப் போட்டுக்கொள்ளும். பாத்தியா என்பான். கதவைச் சாத்தும்போது கட்டில் ஆடுகிறது, முகத்தில் காற்று அடிக்கிறது என்று அத்தைக்குத் தெரியும். வேறு எந்த வீடாக இருந்தாலும் வாசலிலேயே சொல்லியிருப்பாள். இங்கே காபியைக் குடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. குழந்தையிடம் போகும்போது பின்னாலிருந்து போக மாட்டாள். முன்னால் வந்து, குனிந்து, முதலில் உள்ளங்காலை ஒரு விரலால் தொடுவாள். குழந்தை பார்த்த பிறகு முகத்தை அருகில் கொண்டுபோய், கண்ணை விரித்து, வாயை நன்றாக அசைத்துச் சிரிப்பாள். காது கேளாத குழந்தைகளிடம் அப்படித்தான் போக வேண்டும் என்று எத்தனையோ தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். குழந்தைக்கு அத்தை முகம் தெரிந்தால் போதும், கைகால் எல்லாம் ஆடும்.

தம்பி மனைவிக்கு அப்படிப் பழக யாரும் சொல்லித் தரவில்லை. அவளிடம் இருந்தது குரல். சமையலறையில் நின்றபடியே பேசுவாள், துணி மடித்துக்கொண்டே பாடுவாள், தொட்டிலுக்குப் பின்னாலிருந்து கொஞ்சுவாள். குழந்தை அழுதால் ஓடி வருவதற்கு முன்பே, "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று குரல்தான் முதலில் வரும். அந்தக் குரல் கேட்டால் அழுகை நிற்க வேண்டும். நிற்காது. திடீரென்று இரண்டு கை வந்து தூக்கும்போது குழந்தை இன்னும் மிரண்டு வீறிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் மூவரும் இருந்தார்கள். தம்பி மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அண்ணி, நான் கூப்பிட்டா இவ திரும்பறதே இல்லை. உங்களைப் பாத்தாதான் சிரிக்கிறா. என் குரல் இவளுக்குப் பிடிக்கலையோன்னு இருக்கு."

"பின்னே? எந்நேரமும் உன் குரலையே கேட்டா?" என்றான் தம்பி. "ஊர்ல பாதிப் பேருக்கு அலுத்துப்போச்சு, பாவம், இவளும் எத்தனை நாள்தான் தாங்குவா? வயித்துக்குள்ள இருக்கும்போதே பத்து மாசம் பஸ் ஸ்டாண்டு கேட்டவ."

அவனே சொல்லி அவனே சிரித்தான். அவன் மனைவியும் சிரித்துவைத்தாள். பிறகு இருவரும் காதக்காவைப் பார்த்தார்கள், வீட்டில் இந்த விஷயம் தெரிந்தவள் அவள்தானே. உண்மை அவள் வாய் வரைக்கும் வந்தது. வந்ததை மென்று முழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

"குழந்தைங்க அப்படித்தான். கவனம் வேற எங்கயாவது இருக்கும்."

அன்று மாலை மற்ற இருவரும் கடைக்குப் போயிருந்தபோது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணுக்குப் படாமல், மூச்சுக்காற்றும் படாமல், ஒரு டம்ளரைக் காதுக்குப் பின்னால் பிடித்துக் கரண்டியால் தட்டினாள். குழந்தை அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பலமாகத் தட்டினாள். அவள் பல் கூசியது. குழந்தை பொத்தானை விடவில்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். தண்ணீரும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. இனி தன்னை ஏமாற்றிக்கொள்ளக்கூட வழியில்லை.

அப்படியும் சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு செய்தியோடு போயிருக்கும். இப்போது இரண்டு செய்தி சொல்ல வேண்டும், குழந்தையைப் பற்றி ஒன்று, தன்னைப் பற்றி ஒன்று. முதலாவதைச் சொல்ல மனம் துணிந்தாலும் இரண்டாவது வந்து வாயை அடைத்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போட்டாள். மற்றவர்களை ஆறு மாசம் ஆறு மாசம் என்று விரட்டியவள், தன் மருமகள் குப்புற விழுந்ததையும், தவழப் பார்த்ததையும், தலையணை அணைப்பில் உட்கார்ந்ததையும் கைதட்டி ரசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் ஒரு மாற்றம் வந்ததை அவள் கவனித்தாள். தம்பி மனைவி பாடுவதை விட்டுவிட்டாள். குழந்தைக்குத் துணி மாற்றும்போது பேசுவதில்லை. அழுதால் கணவனைப் பார்ப்பாள், அல்லது, "அண்ணிகிட்ட குடுங்க, அவங்ககிட்டதான் அடங்குவா" என்பாள். கோபமாகச் சொல்வதில்லை. தோற்றுப்போனவள் சொல்வதுபோல் சொல்வாள்.

ஒரு நாள் காலை காதக்கா அறைக்கு வந்தபோது வெளியே பெஞ்சில் வழக்கம்போலத் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் துணியில் சுற்றிய புதுக் குழந்தைகள். கடைசியில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அத்தையைக் கண்டதும் கைகாலை ஆட்டியது.

"அவருக்குத் தெரியாது, அண்ணி. வேலைக்குப் போனதும் கிளம்பி வந்துட்டேன்" என்றாள் தம்பி மனைவி. "எனக்குப் பைத்தியம்னுகூட நினைச்சுக்குங்க. இன்னொரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்."

"உள்ள வா. நான் பாக்கறேன்."

"நீங்க வேண்டாம். அந்த சிஸ்டர் பாக்கட்டும்." அவள் அவசரமாக அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இவமேல உயிரு. எதாவது ஒண்ணுன்னா உங்களால தாங்க முடியாது. அதான்."

கண்ணாடி சிஸ்டர் பார்த்தாள். தூங்கவைக்கச் சற்று நேரமானது. மோட்டார் ஓயும்வரை காத்திருந்தாள். இரண்டு காதிலும் சிவப்பு. முனையை மாற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். சிவப்பு. பிறகு கருவியை அணைத்துவிட்டு நிமிர்ந்து காதக்காவைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றக் கையைக் கொண்டுபோனவள், கழற்றாமலே கையை எடுத்துக்கொண்டாள். காது டாக்டர் இருக்கிறாரா என்று பார்த்துவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

தம்பி மனைவி அழவில்லை. அதுதான் காதக்காவைக் குலைத்துப் போட்டது. எத்தனையோ தாய்மார்கள் அந்த நாற்காலியில் அழுது பார்த்திருக்கிறாள், கத்திப் பார்த்திருக்கிறாள். நிம்மதியாக மூச்சு விட்டவள் இவள் ஒருத்திதான்.

"அப்ப என் குரல் பிடிக்காம இல்ல" என்றாள் தம்பி மனைவி. தூங்கும் குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "கேக்கலை. அவ்வளவுதான். கேக்கவே இல்லை இவளுக்கு. நான் என்னென்னவோ நினைச்சுட்டேன், அண்ணி. என்மேல ஏதோ வெறுப்புன்னு. எத்தனை குழந்தை தங்காம போச்சு, அதான் இதுக்கும் என்னைப் பிடிக்கலைன்னு. சில நாள் அழுதா வேணும்னே எடுக்காம நின்னுருக்கேன். அழட்டும்னு நின்னுருக்கேன்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின் அன்னைக்குத் தப்பாக் காட்டிடுச்சு போல. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்."

அவளே வழி விட்டுக் கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். கருவி எதிர்த்துப் பேசாது, தம்பியும் கேட்க மாட்டான், காலம் முழுக்க அந்த வீட்டில் அத்தையாகவே போய்வந்துகொண்டிருக்கலாம். காதக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷின் இல்லம்மா" என்றாள். "அன்னைக்கும் சிவப்புதான் வந்துச்சு. பச்சை வர்ற வரைக்கும் நான்தான் அழுத்தினேன். அப்பறமும் எனக்குத் தெரியும். உங்க வீட்ல வச்சே தட்டிப் பாத்தேன். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

லிஃப்ட் ஏறும் சத்தம் கேட்டது. அது நின்றதும் தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் நாள் பண்ணதை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். அறிவிப்புச் சொல்லும் குரலாக இருந்தது. ஏற்ற இறக்கமில்லாமல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. "நானா இருந்தாலும் அழுத்தியிருப்பேன். வீணாப்போன மாசங்களையெல்லாம்கூட டாக்டர் என்ன சொல்றாரோ பாத்துக்கலாம். ஆனா அன்னைக்கு சமையல்கட்டுல நான் கேட்டேன். என் குரல் இவளுக்குப் பிடிக்கலையான்னு உங்களைத்தான் கேட்டேன், அண்ணி. அவர் கிண்டல் பண்ணார், அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்க சிரிச்சீங்க."



தம்பி மனைவி குழந்தையை எடுத்துத் தோளில் போட்டாள். அதில் அது விழித்துக்கொண்டது. "ஒண்ணுமில்லடா, அம்மாதான்" என்று பழக்கத்தில் தொடங்கியவள், பாதியில் வாயை மூடிக்கொண்டு, முதுகைத் தடவ ஆரம்பித்தாள். கதவைத் திறந்தாள்.

"டாக்டர் ரூம் எங்கன்னு நானே விசாரிச்சுக்கறேன். நீங்க வராதீங்க. வீட்டுக்கும் இப்ப வர வேண்டாம்."

தாயின் தோளுக்கு மேலே குழந்தையின் முகம் தெரிந்தது. இந்த அறையில் பேசியதில் ஒரு சொல்லும் அதற்குப் போய்ச் சேரவில்லை. அது அத்தையைப் பார்த்துவிட்டுப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. வராந்தா முழுக்கச் சிரித்துக்கொண்டே போனது. அத்தை பதிலுக்குச் சிரிப்பாள் என்று அது காத்திருந்தது.